வெள்ளை மாவு வீடு

இளைத்துப்போயிருந்த எனிஃபாவின் உடம்பைத் தேற்றத்தான் அவளுடைய அக்கா ஃபலேசி அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். மழை தொடங்கியபோது வந்தவள். இப்போது மழை ஓயப் போகிறது, உடம்பு தேறவில்லை. கழுத்தைச் சுற்றி மாலை போட்ட மாதிரி கருத்து, தோல் செதில் செதிலாக உரிந்தது. இரண்டு கைகளும் அப்படியே. வயிறு நிற்கவில்லை. ஞாபகமும் நிற்கவில்லை.

மருந்துதான் காரணம் என்றாள் ஃபலேசி. எச்.ஐ.வி.க்காக எனிஃபா இரண்டு வருடமாக ராத்திரிக்கு ஒன்று விழுங்கும் அந்த மாத்திரை. அதை ஒரு நாளும் விடக்கூடாது என்றான் எனிஃபாவின் புருஷன் லாமெக். இழுபறி முற்றிப்போய், போன வாரம் விஷயம் பின்வெல் மாமாவின் வாசலுக்குப் போனது.

மாமா புகையிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்: "வெள்ளிக்கிழமை எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போவோம். மருந்துதான் இவளைத் தின்னுதுன்னு டாக்டர் வாயால வரட்டும். வந்துதுன்னா மருந்தும் வேண்டாம், அதைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குற மாப்பிள்ளையும் வேண்டாம்."

எங்கள் நசோலோ பக்கத்தில் தாய்மாமன் சொன்னால் சொன்னதுதான். வீடும் நிலமும் பெண் வழி. கல்யாணம் ஆனதும் ஆண்பிள்ளை ஒரு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்டாட்டி ஊருக்கு வந்து சேருவான். எல்லாருமே வீட்டோடு மாப்பிள்ளை என்பதால் அதில் கேலி ஏதும் இல்லை. போகச் சொன்னால் அதே மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்ப நடக்க வேண்டும். கேலி அங்கேதான் இருக்கிறது.

இன்று வெள்ளிக்கிழமை.

ஃபலேசி கஞ்சியை இறக்கி, சீனி போட்டுக் கலக்கினாள். அவள் புருஷன் சந்தையில் மாவு மில் வைத்திருக்கிறார். நசோலோவில் ஃபலேசி வீட்டு மாவைப் போல வெள்ளை மாவு கிடையாது. மக்காச்சோளத்தின் தோலையும் முளையையும் எடுத்து, புளிப்பு வாடை வரும் வரை நாள் கணக்கில் ஊறவைத்து, அலசி அலசிப் பாயில் காயப்போட்டு, பிறகுதான் அரைப்பாள். களி கிண்டினால் தட்டில் நிலா இறங்கிய மாதிரி இருக்கும். தவிட்டோடு அரைத்த மாவெல்லாம் ஜெயிலிலும் பஞ்ச காலத்திலும் தின்பது. எடுத்த தவிடு அவள் வீட்டுப் பன்றிகளுக்குப் போகும். ஊரிலேயே கொழுத்த பன்றிகள் அவளுடையவைதான்.

எனிஃபா கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். உரிந்த தோலில் சூடு பட்டதும் முகம் சுளித்தாள்.

"அக்கா, நேத்து ராத்திரி மாத்திரை சாப்பிட்டேனா?"

"சாப்பிட்டே. என் கையாலதானே வாங்கினே."

"தண்ணி குடிச்ச ஞாபகமே இல்லையே."

"உனக்கு எதுதான் ஞாபகம் இருக்கு? குடி, ஆறிப்போகுது."

எனிஃபா தலையாட்டிக்கொண்டாள். நேற்றுக் காலையிலும் இதையேதான் கேட்டாள். இதே பதில்தான் கிடைத்தது. கேட்டோம் என்பது மட்டும் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஃபலேசி சொன்னது பொய். ஒரு மாதத்துக்கு மேலாகவே அந்த மாத்திரை எனிஃபாவின் வாய்க்குப் போகவில்லை. குப்பி ஃபலேசியின் பெட்டிக்குள் பூட்டில் இருந்தது. ராத்திரி ஆனால் ஒன்றை எடுத்துக் கழிப்பறைக் குழியில் போட்டுவிடுவாள். ஆஸ்பத்திரியில் மிச்சத்தை எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணிக்கை இடிக்கக் கூடாதே.

இதைக் கேட்டு அவளைப் பேய் என்று நினைத்துவிட வேண்டாம். இவர்களுக்கு மேலே டோரிக்கா என்று ஒரு மூத்தவள் இருந்தாள். இந்த மருந்து ஊருக்குள் வந்த புதிதில் அதைச் சாப்பிட்டவள். கொஞ்ச நாளில் பாதம் இரண்டும் எரிகிறது, நெருப்பில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று அழுதாள். ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, "சத்துக் குறைவு, முட்டை குடுங்க" என்றார்கள். ஃபலேசி முட்டை வாங்கினாள். பால் வாங்கினாள். டோரிக்காவின் பாதங்களை ஈரத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு எத்தனையோ ராத்திரி உட்கார்ந்திருந்தாள். முட்டை தின்று தின்றே டோரிக்கா போய்ச் சேர்ந்தாள். சில வருடம் கழித்து அந்த மாத்திரையையே நாட்டில் நிறுத்தினார்கள். நரம்பைக் கெடுக்கிறதாம், சில பேர் உயிரையும் எடுக்கிறதாம்.

அப்போது சத்து என்றார்கள், அது மருந்தாக இருந்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. ஃபலேசியின் நியாயம் அவ்வளவுதான்.

ஆனால் மருந்தை நிறுத்திய பிறகு கழுத்துக் கருப்பு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை, ஏறியது. 'உள்ளே ஊறின விஷம் வெளியே வர நாளாகும்' என்று ஃபலேசி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அதை அவள் முழுசாக நம்பினாளா என்றால், கொஞ்ச நாளாக அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை.

வாசலில் சைக்கிள் மணி அடித்தது.

லாமெக்குக்குச் சைக்கிள் டாக்ஸிதான் பிழைப்பு. பின் சீட்டில் சிவப்பு மெத்தை தைத்து வைத்திருந்தான். இன்று அந்த மெத்தையைத் துவைத்திருந்தான் போலிருக்கிறது, ஈரம் காயவில்லை. சைக்கிள் பாரில் நீளவாக்கில் மண்வெட்டியைக் கட்டியிருந்தான். ஃபலேசியின் கண் முதலில் போனது அதன் மேல்தான்.

"மூட்டை முடிச்சோட தயாராத்தான் வந்திருக்கே."

"மருந்துதான்னு ஆயிடுச்சுன்னா இன்னைக்கே போகணும்னு மாமா சொல்லியிருக்காரு மதினி. எங்க ஊர்லேர்ந்து மறுபடி ஆத்தைத் தாண்டி வந்து எடுத்துட்டுப் போக எனக்குக் கால் வலிக்கும்."

"ஆஸ்பத்திரி வரைக்கும் எவ்வளவுப்பா வாடகை?"

"பெண்டாட்டிக்குக் கிடையாது. மதினிக்கு உண்டு. கனத்துக்குத் தக்கபடி."

எனிஃபா சிரித்துவிட்டாள். சிரித்ததில் உதட்டோரம் வெடித்து ரத்தம் கசிந்தது. லாமெக் சட்டென்று வேறு பக்கம் பார்த்தான்.

அவன் ஒரு துணிப் பொட்டலத்தை நீட்டினான். வறுத்த நிலக்கடலையும், ஏரியிலிருந்து வருகிற பொடிமீன் கருவாடும். ஃபலேசி நடுவிலேயே கையை நீட்டிப் பறித்துக்கொண்டாள்.

"பேதியாப் போற வயித்துக்குக் கடலையா? மீனா? இவளைக் கொன்னுட்டுத்தான் போவியா?"

"எங்கிட்ட இருந்தப்போ இதைத்தான் தின்னுட்டிருந்தா. துவரையும் கடலையும் கருவாடும். மாவு கருப்பாத்தான் இருந்துது. இவ கருப்பா இல்ல."

"உன் வறுமைக்கு ஒரு பெருமை வேற. என் வீட்ல இவளுக்கு வெள்ளைக் கஞ்சி, வெள்ளைக் களி, சீனித் தேத்தண்ணி. வயித்தை உறுத்தற எதையும் நான் கண்ணுல காட்டறதில்லை."

அது நிஜம். முதலில் களியோடு முட்டைக்கோசும் பருப்பும் மீனும் கொடுத்தாள். வயிறு போகத் தொடங்கியதும் பருப்பை நிறுத்தினாள். நிற்கவில்லை என்றதும் மீனை நிறுத்தினாள். அப்புறம் கோசையும் நிறுத்தினாள். வயிறு கெடக் கெடத் தட்டு வெளுத்துக்கொண்டே போனது. பொட்டலத்தை அவள் அடுப்பங்கரைப் பரணில் எறிந்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

எனிஃபா சைக்கிளில் ஏறினாள். வழியெல்லாம் சேறு. ஃபலேசி பின்னால் நடந்து வந்தாள், கொஞ்ச தூரத்திலேயே பின்தங்கிவிட்டாள்.

லாமெக் ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, மறு கையைச் சட்டைப்பைக்குள் விட்டுப் பின்னால் நீட்டினான். உள்ளங்கையில் நாலைந்து கடலை.

"அக்கா பாத்தா?"

"உங்க அக்கா சேத்துல செருப்பைத் தேடிட்டு நிக்கிறாங்க. தின்னு."

எனிஃபா தின்றாள். மெல்லும்போது நாக்கு எரிந்தது. இருந்தாலும் தின்றாள்.

"லாமெக், எனக்குப் பைத்தியம் பிடிக்குதுன்னு நினைக்கிறேன்."

"உன்னைக் கட்டினப்பவே எனக்குத் தெரியும்."

"விளையாட்டு இல்ல. ராத்திரி மாத்திரை சாப்பிட்டது காலையில ஞாபகம் இல்லை. தினமும். மத்தது கொஞ்சம் மங்கலா வருது, இது சுத்தமா வரல. யாரோ துடைச்சு எடுத்த மாதிரி இருக்கு."

லாமெக் ஒரு சேற்றுக் குட்டையைச் சுற்றி வளைத்து மிதித்தான்.

"இன்னும் நான் ரேடியோவுல ராத்திரிச் செய்தி ஆரம்பிச்சா எழுந்து போய் மாத்திரைக்கு உனக்கும் சேத்துத் தண்ணி மொண்டுடறேன்," என்றான். "அப்புறம்தான் நீ இல்லைங்கறது தோணும். உன் தண்ணியையும் நானே குடிச்சுடுவேன்."

"டாக்டர் மருந்துதான்னு சொல்லிட்டா போயிடுவியா?"

"மாமா சொன்னா போகாம? மண்வெட்டியைப் பாத்தியில்ல."

எனிஃபா அவன் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டாள். இந்த நோயை இவன் தொற்றவைத்தானா, தானே முன்பு எங்கிருந்தோ வாங்கி வந்தாளா என்பது இருவருக்கும் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரே நாளில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் கேட்ட சேதி அது. அன்று ராத்திரி யார் மேல் குற்றம் என்று பேசுவதில்லை என்று முடிவு செய்தார்கள். அந்த முடிவைத்தான் ஃபலேசியால் இன்று வரை பொறுக்க முடியவில்லை. அவளுக்குக் குற்றவாளி ஒருவன் வேண்டும்.

ஆஸ்பத்திரி வாசல் மாமரத்தடியில் பின்வெல் மாமா தொப்பியும் கோட்டுமாக, சர்ச்சுக்குப் போகிற கோலத்தில் உட்கார்ந்திருந்தார். கோபக்காரர் என்று அவரைச் சொல்ல முடியாது. பொய்யை மட்டும் பொறுக்கமாட்டார். செத்துப்போன ஆடு ஒன்றைப் பற்றி ஏதோ மழுப்பினான் என்று சொந்தத் தம்பியோடு பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தம்பி வீட்டுச் சாவுக்குப் போய்க் குழி வெட்டினார், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தார்.

"மாப்பிள்ளை இங்கே என்னோட இருக்கட்டும். பொம்பளைங்க உள்ளே போங்க," என்றார், ஃபலேசி வந்து சேர்ந்ததும். "டாக்டர் சொன்னதைச் சொன்னபடி வந்து சொல்லணும், ஃபலேசி. கூட்டாம, குறைக்காம."

"நான் எப்போ மாமா கூட்டினேன்?" என்றாள் ஃபலேசி.

டாக்டர் மசோயா முழு டாக்டர் இல்லை. அதற்குக் கீழ்ப் படிப்பு. ஆனால் மலையடிவாரம் வரைக்கும் அவரை விட்டால் ஆள் கிடையாது, அதனால் எங்களுக்கு அவர் டாக்டர்தான். இந்த ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. எனிஃபாவின் சீட்டைப் படித்தார்.

"இதுக்கு முன்னால பாத்தவர் 'மருந்தோட பக்க விளைவு'ன்னு எழுதியிருக்கார்," என்றார்.

"அதைத்தான் நானும் சொல்றேன், டாக்டர்," என்றாள் ஃபலேசி.

"துணியை எடும்மா, பாப்போம்."

எனிஃபா தோளில் போர்த்தியிருந்த துணியை எடுத்தாள். டாக்டர் எழுந்து வந்து அவள் கழுத்தைப் பார்த்தார். சட்டைக் கழுத்தை விரலால் கொஞ்சம் இழுத்துப் பார்த்தார். கருப்பு சட்டை விளிம்பு வரை வந்து நின்றிருந்தது. அதற்குக் கீழே தோல் சுத்தமாக, பழைய எனிஃபாவாகவே இருந்தது. கையில் முழங்கைக்குக் கீழே கருப்பு, மேலே இல்லை. காலில் பாவாடைத் துணி முடிகிற இடத்திலிருந்து கருப்பு, செருப்பு வார் பட்ட இடத்தில் மட்டும் பழைய நிறத்தில் ஒரு கோடு.

"வெளியே வெயில்ல உக்காருவியா?"

"அக்கா வீட்டு மாவு காயும்போது கோழி விரட்ட உக்காருவேன்."

"ம். நாக்கை நீட்டு." நாக்கு பச்சை மாமிசமாகச் சிவந்திருந்தது. "என்ன சாப்பிடறே?"

ஃபலேசிதான் பதில் சொன்னாள், கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு. "எங்க வீட்டு வெள்ளை மாவு, டாக்டர். காலையில கஞ்சி, மத்தியானம் களி, ராத்திரி களி. நான் ஊறவைச்சு அலசி அரைச்சது. கரகரன்னு எதுவும் குடுக்கறதில்லை."

"கூட?"

"உப்புத் தண்ணி. தேத்தண்ணி."

"கடலை, பருப்பு, மீன்?"

"இந்த வயித்துக்கா?"

டாக்டர் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு ரெண்டு சந்தேகம் இருக்கு," என்றார். "ஒண்ணு பெலாக்ரா. ஒரு வைட்டமின் இல்லாமப் போறதால வர்றது. தோல், வயிறு, புத்தி, இந்த மூணையும் கெடுக்கும். விட்டா நாலாவது உயிர். தோலைப் பாத்தா அதுதான் தோணுது. மருந்து ரத்தத்துல ஓடுது, அதுக்குச் சட்டை எங்க முடியுதுன்னு தெரியாது. வெயில் பட்ட இடமாப் பாத்து வந்திருக்குன்னா அது பெரும்பாலும் மருந்தோட வேலை இல்லை."

"ரெண்டாவது?" என்றாள் எனிஃபா.

"ரெண்டாவது இந்த மாத்திரை. மறதி, தலைசுத்தல், கெட்ட கனவு இதுக்கும் உண்டு. சில பேருக்கு ரொம்ப நாள் கழிச்சும் வரும்."

"எனக்கு ஆரம்பத்துல கனவு வந்துது. அப்புறம் தானாப் போயிடுச்சு."

"அதான் குழப்பம். ரெண்டும் ஒரே சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து நிக்குது." டாக்டர் ஃபலேசியைப் பார்த்தார். "நடுவுல எப்பவாவது மாத்திரை நின்னுதா? ஊருக்குப் போனது, தீந்துபோனது, அப்படி ஏதாவது? நின்னப்போ இது குறைஞ்சுதா கூடுச்சான்னு தெரிஞ்சா எனக்குச் சந்தேகமே இருக்காது."

"ஒரு நாள்கூட விடல," என்றாள் ஃபலேசி.

டாக்டர் ஃபலேசி கொண்டு வந்த குப்பியைத் தட்டில் கொட்டி, கத்தி முனையால் ஒதுக்கி ஒதுக்கி எண்ணினார்.

"சரியா இருக்கு," என்றார். "நல்லாப் பாத்துக்கறீங்க."

ஃபலேசி குடைப் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் பேனாவை எடுத்தார். "அப்போ இப்படிச் செய்வோம். இந்தக் குழப்பத்தோட இதே மாத்திரையைத் தொடர எனக்குப் பயமா இருக்கு. ஒரு மாசம் நிறுத்தி வைப்போம். குறைஞ்சா மருந்துதான். குறையலேன்னா பெலாக்ரா, வைட்டமினை ஆரம்பிப்போம். அது கையிருப்பு ரொம்பக் கம்மி, சந்தேகத்துக்கு எடுத்துக் குடுக்க எனக்கு அனுமதி இல்லை. நிறுத்தினா கிருமி தலைதூக்கும், அது தெரிஞ்சுதான் சொல்றேன். வேற வழி தெரியல."

எழுதத் தொடங்கினார்.

ஃபலேசி எதற்கு வந்தாளோ அது கிடைத்துவிட்டது. வெளியே போய் மாமாவிடம் 'டாக்டர் மருந்தை நிறுத்தச் சொல்லிட்டார்' என்றால் போதும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். லாமெக் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். தங்கை தன்னோடே இருப்பாள். குப்பியை இனிப் பெட்டியில் பூட்டவும் வேண்டியதில்லை.

ஒரு மாதம் நிறுத்திப் பார்ப்போம் என்கிறார். அந்த ஒரு மாதத்தை அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள். அதன் முடிவு இந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

எனிஃபாவைப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே எலும்பும் செதிலுமாக இருந்தது. இன்னொரு மாதம் வெள்ளைக் களியும் மருந்தில்லாத ராத்திரிகளும் போனால் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட ஃபலேசிக்கு டாக்டர் தேவையில்லை. டோரிக்காவின் பாதங்களைச் சுற்றிய ஈரத் துணி எவ்வளவு சீக்கிரம் சூடாகும் என்பது அவள் கைக்கு இன்னும் மறக்கவில்லை. அன்றைக்கு டோரிக்காவைக் கொன்றது வேறு யாரோ. இன்றைக்கு யார் என்று கேட்டால் கை நீட்ட வேறு ஆள் இல்லை.

"நிறுத்தியாச்சு," என்றாள்.

டாக்டர் நிமிரவில்லை. "என்ன?"

"நிறுத்தி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. நான்தான் நிறுத்தினேன். கூடுச்சே தவிரக் குறையல."

பேனா நின்றது. "எண்ணிக்கை சரியா இருந்துதே."

"ராத்திரிக்கு ஒண்ணாக் குழியில போட்டேன். நீங்க எண்ணுவீங்கன்னு தெரியும்."

டாக்டர் கண்ணாடியை மறுபடி கழற்றினார். திட்டப் போகிறார் என்று ஃபலேசி காத்திருந்தாள். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

"எங்க அக்கா ஒருத்தி செத்துப்போனா, டாக்டர். கால் எரியுதுன்னு அழுதா. முட்டை குடுக்கச் சொன்னாங்க..."

"தெரியும், அந்தப் பழைய மாத்திரை. அப்போ நீங்க சொன்னது நிஜம், எங்க ஆளுங்கதான் கேக்கல." குரல் தாழ்ந்திருந்தது. "அதுக்காக இவளை..." முடிக்காமல் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார்.

எனிஃபா அக்கா பக்கம் திரும்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"அப்போ நான் மறக்கல."

ஃபலேசி திரும்பினாள்.

"தினம் கேட்டேனே அக்கா. தினமும் சாப்பிட்டேன்னு சொன்னே. தண்ணி குடிச்சது ஞாபகம் இல்லையேன்னு எத்தனை தடவை அழுதேன். பைத்தியம் பிடிச்சா ஊரை விட்டு எங்கயாவது போய் விழுந்துடுவேனோன்னு, ராத்திரி காலைக் கட்டில்ல கட்டிக்கிட்டுத் தூங்கினேன். உனக்குத் தெரியும். முடிச்சு இறுக்கமா இருக்குன்னு நீதானே அவுத்து விட்டே."

"உன் நல்லதுக்குத்தான்டி செஞ்சேன்."

"தெரியும்," என்றாள் எனிஃபா. ஃபலேசிக்கு அந்த ஒரு வார்த்தையைத் தாங்க முடியவில்லை.

டாக்டர் ஒரு டப்பாவோடு வந்தார். வைட்டமின் மாத்திரைகளை எப்போது எத்தனை என்று சொன்னார். வயிறும் நாக்கும் சில நாளிலேயே அடங்கும், தோல் உரிந்து புதுசு வரும், மறதியும் விலகும் என்றார். சோளத்தில் இருக்கிற கொஞ்ச வைட்டமினும் தவிட்டோடு போய்விடுகிறது, ஆனால் மாவை மாற்றினால் மட்டும் போதாது, கடலை, துவரை, மீன், முட்டை, கிடைத்ததைச் சாப்பிட வேண்டும் என்றார். பழைய மாத்திரை இன்று ராத்திரியே மறுபடி. ரத்தம் எடுத்து மாவட்டத்துக்கு அனுப்பினார்.

"இந்த ஒரு மாசத்துல கிருமி எவ்வளவு ஏறியிருக்கு, இதே மாத்திரைக்கு இன்னும் அடங்குமா அடங்காதான்னு அதுல தெரியும். முடிவு வர வாரக்கணக்காகும். அது வரைக்கும் நான் எந்த வாக்கும் குடுக்க முடியாது." பிறகு குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்: "இது இனிமே யாரு கையில?"

பழக்கத்தில் ஃபலேசியின் கை நீண்டது. அவளே அதை மடிக்கு இழுத்துக்கொண்டாள். எனிஃபா குப்பியை வாங்கி இடுப்புத் துணியின் முனையில் முடிந்து, முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. எனிஃபா துணியை எடுத்துக் கழுத்தை மூடிக்கொண்டு நடந்தாள். ஃபலேசி இரண்டடி பின்னால் வந்தாள். கையில் குடை இருந்தும் விரிக்கத் தோன்றவில்லை.

மாமரத்தடியில் லாமெக் எழுந்து நின்றான். ஒரு கை சைக்கிள் பாரில், மண்வெட்டிக் கட்டின் மேல் இருந்தது. பின்வெல் மாமா தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்தார். தீர்ப்புச் சொல்லும்போது தலையில் தொப்பி வைத்துக்கொள்ள மாட்டார்.

"சொல்லு ஃபலேசி. என்ன சொன்னார்? கூட்டாம, குறைக்காம."

ஃபலேசி குடையைத் தரையில் ஊன்றினாள். மாமாவின் தம்பி முகம் அவளுக்கு ஏனோ ஞாபகம் வந்தது. சாவு வீட்டில் அண்ணன் தன் பக்கம் ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பாரா என்று அவர் காத்துக்கொண்டு நின்ற முகம்.

எனிஃபா அக்காவைப் பார்த்தாள். பிறகு லாமெக்கை, அவன் கைக்குக் கீழே இருந்த மண்வெட்டியைப் பார்த்தாள். இடுப்பு முடிச்சைத் தொட்டுக்கொண்டு மாமாவின் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"நான் சொல்றேன் மாமா," என்றாள். "எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு."